நலங்கு மஞ்சள் குடித்த வண்டி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கார் இருந்ததாம். அந்தக் காருக்கென்று ஒரு மனுஷன் இருந்தானாம். ஊர் இந்தக் கோபிதான் தம்பி. மனுஷன் நான்தான், தெய்வசிகாமணி. கார் இதோ நிற்கிறது. கதை என்றால் உம் கொட்ட வேண்டும் என்பார்கள், நீங்கள் கொட்ட வேண்டாம். வெயிலில் வந்திருக்கிறீர்கள், அந்த முக்காலியை இழுத்து வேப்பமரத்து நிழலில் போட்டு உட்காருங்கள். பார்த்து, அதன்மேல் கிரீஸ் இருக்கும். துணி தரட்டுமா? இந்தத் துணியிலும் கிரீஸ்தான்.

நீங்கள் வண்டி வாங்க வந்தவர், கதை கேட்க வந்தவரில்லை. தெரியும். ஆனால் ஒரு வண்டியை அதன் சங்கதி தெரியாமல் வாங்கக்கூடாது. பெண் எடுப்பதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிக்க மாட்டோமா? அந்த மாதிரிதான்.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா? அது என் வீட்டுக்காரி மயிலாத்தாள். விடிந்ததும் பஸ் ஏறி அன்னூரிலிருந்து வந்திருக்கிறாள். என்னைப் பார்க்க வந்தாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வண்டி கேட்டைத் தாண்டிப் போவதைத் தன் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள். வண்டி இன்றைக்குப் போய்விட்டால் நாளைக்கே மகளையும் பேரனையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவாளாம். போகாவிட்டால் அவளும் வரமாட்டாளாம். இதுதான் எங்களுக்குள் பேச்சு. நானும் சரி என்றுதான் சொன்னேன். சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா?

அதனால்தான் உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் நூல் மில்லில் இருந்தவன். டைம் ஆபீஸ். ஷிப்டுக்கு வருகிறவன் போகிறவன் கார்டு குத்துகிற இடம். அதற்காக மெஷின் தெரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மெஷின் எல்லாம். காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு மெஷின் தெரியாமல் போகுமா? இந்தக் காரை வாங்கின நாளிலிருந்து வேறு ஒருத்தன் கையை இதன்மேல் வைக்க விட்டதில்லை. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பேன். செல்ஃப் எடுக்கவில்லையென்றால் அடியில் படுத்து ஸ்பேனரால் ஒரு தட்டு. பின்பக்க இடது கதவுக்கு நைலான் கயிறு. கயிறு என்றாலும் எங்கள் வீட்டு எருமைக்குக்கூட அப்படி முடிச்சுப் போட்டதில்லை, அவ்வளவு கெட்டி.

"ஒர்க்‌ஷாப்ல உட்டா என்னங்க?" என்று மயிலாத்தாள் கேட்பாள். குளிக்கிற சோப்பைக் காணவில்லை என்றால் கேட்பாள். ஒர்க்‌ஷாப்காரன் ஒன்றைச் சரிபண்ணி இரண்டைக் கெடுப்பான். நான் செய்தால் ஒன்றுதான் கெடும். இதை அவளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன பங்குனி. மகள் பிருந்தாவுக்கு வளைகாப்பு. ஒரே மகள். கட்டிக்கொடுத்தது அன்னூரில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், தலைப்பிரசவம் இங்கேதான், அது உங்களுக்கும் தெரிந்த முறைதான். சொந்தக்காரர்களுக்கு வேன் பேசியாயிற்று. "போறப்ப எப்படியோ போங்க, வரும்போது புள்ளைய வேன்ல ஏத்திக்கலாமுங்க" என்றாள் மயிலாத்தாள். எனக்கு வந்ததே கோபம். அப்பன் கார் வைத்திருக்கிறான், மகள் வேனில் வருவதா? ஊர் என்ன சொல்லும்? என் மகள் என் காரில்தான் வருவாள் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. பேசவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

பின் சீட்டு முழுக்கச் சீர்த்தட்டு. முன்னால் நானும் அவளும். அவள் மடியில் நலங்குத் தட்டு, மஞ்சள், குங்குமம், சந்தனம் எல்லாம் வைத்தது. நம்பியூர் தாண்டி இருப்போம், பானெட்டிலிருந்து புகை மாதிரி வந்தது. இறங்கிப் பார்த்தால் புகை இல்லை, ஆவி. ரேடியேட்டரில் சின்னதாக ஒரு ஓட்டை. தண்ணீர் சொட்டுகிறது. வேன் முன்னாலே போய்விட்டது.

வேறு ஆளாயிருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். நான் யோசித்தேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடி போடுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்களே? லாரிக்காரர்கள் செய்கிறதுதான். பொடி தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை இருக்கிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நல்ல வைத்தியம். நடுக்காட்டில் மஞ்சளுக்கு எங்கே போவது என்று திரும்பினேன். மடியிலேயே மஞ்சள்.

"ஏனுங்க, அது நலங்கு வெக்கற மஞ்சளுங்க."

"தெரியுது. கொண்டா."

"புள்ளைக்குப் பூசறதுங்க. சாமி கும்பிட்டு எடுத்து வெச்சது."

"வண்டி போய்ச் சேந்தாத்தான புள்ளைக்குப் பூச முடியும்? கொண்டா இங்க."

கிண்ணத்தோடு கொட்டினேன். தம்பி, பொய் சொல்லக்கூடாது, ஒழுகல் நின்றுவிட்டது. அப்படியே நின்றுவிட்டது. அன்னூர் போகிற வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. "பார்த்தியா?" என்று அவளைக் கேட்டேன். வெறும் கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பந்தலெல்லாம் போட்டு, பிருந்தாவை மனையில் உட்கார வைத்து, பெண்ணைப் பெற்றவள் முதலில் நலங்கு வைக்க வேண்டும். சம்பந்தியம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "மஞ்ச எங்கீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்கள். அத்தனை பொம்பளைகள் நடுவில். மயிலாத்தாள் கொஞ்சமும் யோசிக்காமல், "மறந்துட்டு வந்துட்டனுங்க" என்றாள். கெட்டிக்காரி, சமாளித்துவிட்டாள். "தாய் ஊட்டு மஞ்சளையே மறந்துட்டு வந்திருக்கறாங்கொ" என்று யாரோ சிரித்தார்கள். சம்பந்தி வீட்டு மஞ்சளை வைத்து வேலை முடிந்தது. நான் வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு ரேடியேட்டர் வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் தலையாட்டிக் கேட்டார். நல்ல பையன்.

சாப்பிட்டு முடிந்ததும் வேன்காரன் அவசரப்படுத்தினான், சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். நாங்கள் நல்லநேரம் பார்த்து உச்சிவெயிலில் கிளம்பினோம். பிருந்தா பின்னால். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வண்டி குலுங்குகிறபோதெல்லாம் ஜல் ஜல் என்று ஒரே சத்தம். எனக்கோ எஞ்சின் சத்தம் கேட்டாக வேண்டும். டெம்பரேச்சர் முள் வேலை செய்து வெகுநாளாயிற்று, நான் காதால்தான் ஓட்டுவேன். "கண்ணு, கையை ஆட்டாம வெச்சுக்க, எஞ்சின் சத்தம் கேக்கல" என்றேன். பாவம், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

புளியம்பட்டி தாண்டினதும் அந்தச் சத்தம் வந்தது. தள தள என்று கொதிக்கிற சத்தம். ஓட்டையை அடைத்த மஞ்சள் ரேடியேட்டர் முழுவதையும் சேர்த்து அடைத்துவிட்டது. இதில் என் தப்பு என்ன இருக்கிறது சொல்லுங்கள். அரைத்த மஞ்சளாயிருந்தால் அடைக்க வேண்டியதை மட்டும் அடைத்திருக்கும். மயிலாத்தாள் வாங்கியது பாக்கெட் மஞ்சள். மாவு கலந்திருப்பான். மஞ்சள் மண்டியில் இருந்துகொண்டு, எட்டின தூரத்தில் காடு காடாக மஞ்சள் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, பாக்கெட் மஞ்சள் வாங்குவாளா ஒருத்தி? அன்றைக்கும் இதைத்தான் கேட்டேன். ரோட்டோரத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கப் போய்விட்டாள்.

அந்த இடத்தில் ஒரு மரம் கிடையாது. ஒரு டீக்கடை கிடையாது. பிருந்தா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். கயிறு கட்டின கதவுப் பக்கம் அவள், மறுபக்கம் வெறும் சீர்த்தட்டுகள், அதனால் உடனே இறங்க முடியவில்லை, முடிச்சு அவிழ்க்க நேரமாகும், கெட்டி முடிச்சு என்று சொன்னேனே. "அப்பா, வேகுதுப்பா" என்றாள். "இதோ ஆச்சு கண்ணு" என்றேன். துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மயிலாத்தாள் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றாள். ஆறட்டும் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறாள், எனக்குக் காதில் விழவில்லை. மூடி திறந்ததும் குபுக்கென்று ஆள் உயரத்துக்கு அடித்தது மஞ்சள் தண்ணீர். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, துண்டு இருந்ததே. அவளுக்குத்தான் கையில் கொஞ்சம். தோள் வரைக்கும். ஆனால் ஒன்று பாருங்கள், மஞ்சள் கலந்த தண்ணீர் ஆனதால் புண் சீழ் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

பிருந்தா எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிவிட்டாள். அவர் யாரோ கூட்டாளியின் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போது ரேடியேட்டர் குழாயைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தேன், இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் கிளப்பியிருப்பேன். அவர் வந்த வேகத்தில் கயிற்றைப் பிளேடால் அறுத்துக் கதவைத் திறந்து பிருந்தாவை இறக்கினார். மயிலாத்தாளை ஏற்றினார். "மாமா, நீங்களும் ஏறுங்க. வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"நடுரோட்டுல வண்டிய உட்டுட்டு எப்படிங்க மாப்ளெ வர்றது?"

"அப்பா, வாங்கப்பா" என்றாள் பிருந்தா.

"நீங்க முன்னால போங்க கண்ணு. நான் பின்னாலயே வந்தர்றேன்."

போய்விட்டார்கள். அன்னூர் பக்கமாக. அங்கேதான் ஆஸ்பத்திரி கிட்டே.

நான் எப்படி வீடு வந்தேன் என்று கேட்கமாட்டீர்களா? டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள் தம்பி. எங்கள் வீதி நெடுக. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் டிராக்டர், எல்லா வீட்டு வாசலிலும் ஆள். பால்காரன் மாரப்பன், "என்னுங்க அண்ணா, காருக்குக் கல்யாண ஊர்வலமுங்களா?" என்றான். அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். மறக்கவே மாட்டேன்.

அடுத்த நாள் சம்பந்தியம்மா போனில் சொன்னார்கள். "தாய் ஊட்டுக்குப் பொறப்பட்டு பாதி வழில திரும்புன புள்ளைய மறுக்கா அனுப்பறது ஆகாதுங்க. பிரசவம் இங்கயே ஆகட்டும்." சாஸ்திரமாம். எல்லாம் அந்த அம்மா செய்த வேலை. இல்லாவிட்டால் நான் ஒரே வாரத்தில் வண்டியைச் சரிபண்ணி, போய்க் கூட்டிவந்திருப்பேன். கைக்கட்டோடு மயிலாத்தாளும் அங்கேயே தங்கிவிட்டாள், பிரசவம் பார்க்க. இந்த வீட்டில் தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்து வைத்திருந்தேன். வேண்டாம், அதை எதற்குச் சொல்ல வேண்டும்.

பையன் பிறந்தான் என்று போன் வந்த அன்றைக்கு வண்டி கிட்டத்தட்டத் தயார். "வந்தா இந்த வண்டியிலதான் வருவேன், வந்து மூணு பேரையும் ஏத்திக்கிட்டுத்தான் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல, எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?

அன்றைக்கு ஹெட் கேஸ்கெட், எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கிற தகடு, அது மட்டும்தான் பாக்கி. சூட்டில் அது போய்விட்டது, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்துக்கு ஆகிவிட்டது. சரி, நானே ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் மாற்றி முறுக்கினேன், கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, ஒரு போல்ட் உள்ளேயே முறிந்துகொண்டது. முறிந்த போல்ட்டை எடுப்பதற்குள் ஆடி முடிந்தது. எடுத்தேன். எடுத்தபோது மரை போய்விட்டது. மரையைச் சரிபண்ணுவதற்குள் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி மாற்றினால் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. எலியை என்ன சொல்ல முடியும், ஓடாத வண்டி அதற்கு வீடு மாதிரி.

ஆயுதபூஜைக்குக் கிட்டத்தட்டத் தயார். கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏறி நசுக்கினால் நேராக அன்னூர்தான் என்று சட்டைகூட மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் நாலும் சக்கரத்தடியிலேயே கிடந்து கருத்துச் சுருங்கிப்போனது. எடுத்தெறிய எனக்கு மனசு வரவில்லை. பிறகு எறும்பு எடுத்துக்கொண்டு போயிற்று.

பஸ் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. நம்பியூர் வழியாகப் புளியம்பட்டி போகிற பஸ் தெருமுனையில்தான் நிற்கும். அங்கே இறங்கி ஏறினால் அன்னூர். இங்கிருந்து ஹாரன் சத்தம்கூடக் கேட்கும், அந்த ஹாரன்கூட சரியில்லை, நான் டிரைவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கினால் அந்த அம்மா வாசலில் நின்று, "என்னுங்க, காரு வல்லீங்களா?" என்று கேட்பார்கள். கேட்பார்களா மாட்டார்களா? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் பேரனை இன்னும் பார்க்கவில்லை. எங்கே போய்விடப் போகிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம் இப்போது.

சரி, நேரமாகிறது உங்களுக்கு. வண்டி எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். பழைய மாடல், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட எனக்கு இதன் உடம்பு போதும், எஞ்சினைக் கோயமுத்தூரில் மாற்றிக்கொள்வேன் என்கிறீர்கள். விலையிலும் தகராறு இல்லை. மயிலாத்தாளும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள், டீ வைத்துக் கொடுத்தாள். எல்லாம் சரி. ஆனால் காரை ஏற்றிக்கொண்டு போகிற அந்த லாரியை எதற்குத் தெருமுனையில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

அது வேண்டாம் தம்பி. ஒரு தடவை கட்டி இழுத்துக்கொண்டு இந்த வீதியில் வந்தது போதும். திரும்பவும் மாரப்பன் பார்க்க, சங்கிலி போட்டு இழுத்து, பிணத்தைத் தூக்குகிற மாதிரி லாரியில் தூக்கி வைத்து... முடியாது. போனால் தானாக ஓடித்தான் போக வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான். கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஓடினால் போதும். அப்புறம் லாரியில் ஏற்றுங்கள், கப்பலில் ஏற்றுங்கள்.

இல்லை, பிடிவாதம் இல்லை. இதற்கு முன்னால் வந்த இரண்டு பேரும் இதையே சொன்னார்கள், பிடிவாதம் என்று. நியாயத்தைக் கேட்டால் பிடிவாதமா?

இன்றைக்குக் கட்டாயம் ஸ்டார்ட் ஆகும். காலையிலிருந்து கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் போட்டிருக்கிறேன். ஒரு உதவி மட்டும், நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். நான் சொல்லும்போது. இப்போது... விடுங்கள். இன்னொரு தடவை. மிதியுங்கள்... மிதியுங்கள்... போதும், போதும், பெட்ரோல் வாசம் வந்துவிட்டது. வாசம் வருகிறது பாருங்கள், அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது. கிட்டத்தட்டத் தயார். பாயிண்டில், அந்தப் பொறி தட்டுகிற இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. உப்புத்தாளை எங்கே வைத்தேன்... இறங்காதீர்கள், இதோ ஆயிற்று.

மயிலா, நீ எதுக்கு வெளிய வந்த? உள்ள போ, வெயிலு.

பையை எதுக்கு எடுத்த?

இன்னும் கொஞ்ச நேரம்டி. பாயிண்ட் மட்டும் தேச்சுட்டா... ஏய், சொல்லிட்டாவது போ. மயிலா.

போகட்டும் தம்பி. அவள் சுபாவம் அது, நின்று ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாளைக்கு வண்டி இல்லை என்று தெரிந்தால் தானாக வரப்போகிறாள். அதோ, பஸ் நிற்கிற இடத்துக்குப் போகாமல் உங்கள் லாரிக்கிட்டே போய் நிற்கிறாளே. நீங்கள் சொன்னீர்களா? அன்னூர் வழியாகத்தானே போகிறேன், இறக்கிவிடுகிறேன் என்று? நல்லது. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். அந்தக் கையை வெயிலில் காட்டினால் இன்னும் எரிகிறது என்பாள்.

நீங்களும் இறங்கிவிட்டீர்களா?

வேறு வண்டி பார்த்துக்கொள்கிறீர்களா. சரி. என்ன செய்வது. அவசரக்காரர்களுக்கு இந்த வண்டி சரிப்படாது.

என்ன சொன்னீர்கள்? நானா? லாரியிலா?

மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்பது எனக்கும் தெரியும். பேரனைப் பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் எப்படித் தம்பி வருவது? பானெட் திறந்து கிடக்கிறது. சாமான் எல்லாம் தரையில் கிடக்கிறது. கார்ப்பரேட்டரில் மூடி போடவில்லை, தூசி விழும். கையெல்லாம் பாருங்கள், இந்தக் கையோடு பச்சைக் குழந்தையைத் தூக்கவா முடியும்? நீங்கள் முன்னால் போங்கள். பாயிண்டைத் தேய்த்துவிட்டு நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.

தம்பி, ஒரு நிமிஷம். போகிற வழியில் அவளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். பையன் யார் ஜாடை என்று. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், நீங்களே கேட்கிற மாதிரி கேளுங்கள். செல்போனில் போட்டோ அனுப்பினார்கள், நேரில்தான் பார்ப்பேன் என்று திறக்காமல் வைத்துவிட்டேன். நெற்றி எப்படி, மூக்கு எப்படி, அவ்வளவுதான். என் நம்பர் உங்களிடம் இருக்கிறதல்லவா?

இருக்கிறதா தம்பி?

நடந்துகொண்டே தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும், ஆமா என்கிறீர்களா, இல்லை என்கிறீர்களா. நின்று சொல்லுங்கள். தம்பி. கொஞ்சம் நின்று சொல்லிவிட்டுப் போங்கள்.